அந்த அத்தியாயத்தில் இல்லாத வெள்ளைக்காரன்

கண்டியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் பட்டப்படிப்பு வகுப்பில் அமெரிக்க அடிமை இலக்கியம் தொடங்கிய அன்று, விரிவுரையாளர் பாடத்தை நிறுத்திவிட்டு என்னையும் என் நண்பனையும் பார்த்தார். "தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற உங்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை" என்றார். வகுப்பே திரும்பி எங்களைப் பார்த்தது. என் நண்பன் கூச்சத்தில் பேனா மூடியைக் கடித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பரம்பரை பரம்பரையாக அடி வாங்கியவன் குனிவதைப் போலக் குனிந்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நானும் அவனும் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். அவன் பிறந்தது லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளின் கடைக்கோடியான தொங்கல் காம்பராவில். நான் பிறந்தது லயங்களுக்கு மேலே, மேட்டில் தனியாக நிற்கும் ஓட்டு வீட்டில். என் பூட்டனார் அந்தத் தோட்டத்தின் பெரிய கங்காணி. திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேற்றி ஆள் கொண்டுவந்தவர். தாத்தாவும் கங்காணியாகவே இருந்து ஓய்வு பெற்றார். அப்பா அந்த வேலைக்குப் போகவில்லை, ஹட்டன் பஜாரில் கடை வைத்தார். ஆனாலும் எங்கள் வீட்டுக்குப் பெயர் இன்றைக்கும் கங்காணி வீடுதான். அந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரியும், நாய்க்கும் தெரியும். கண்டி வகுப்பில் மட்டும் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இப்போது இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். அவன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்து, முட்டி மோதி வேலைக்கு வந்தவன். என்னை அப்பா சின்ன வயதிலேயே டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அதனால் எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தாராளமாக வரும். அவன் அகராதியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவான். நான் அகராதியைத் திறக்காமலே அர்த்தம் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நான் 'சேர்', பஸ்ஸில் 'மச்சான்'. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால், அம்மா இருப்பதால், 'வாங்க, போங்க' என்று மாறிவிடுவான். இதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே கிடைத்ததால் தடுக்கவும் இல்லை.

அமெரிக்க நாவல்களை வாசிக்கும்போது நான் எப்போதும் அடிபடுகிறவன் பக்கமே நின்றேன். சந்தையில் நிறுத்தி, பல்லைப் பிடித்துப் பார்த்து, தாயை ஒரு பக்கமும் பிள்ளையை ஒரு பக்கமும் விற்கிற இடங்களில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. இரவல் வாங்கின கோபம் என்றாலும் கோபம் கோபம்தானே. வெள்ளைக்காரப் பண்ணைக்காரன் வரும் பக்கங்களில் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொதித்தேன். வாசகன் எந்தப் பக்கம் நிற்கலாம் என்பதற்கு யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. எனக்கு அது பெரிய வசதியாக இருந்தது.

பரீட்சைக்கு வைத்திருந்த நாவலில் ஓர் அத்தியாயம் வரும். பருத்திப் பண்ணையில் விடியும் முன் கொம்பு ஊதி எல்லோரையும் எழுப்புகிற ஒருவனைப் பற்றியது. அவனும் அடிமைதான், அதே நிறம், அதே மொழி. ஆனால் அவனுக்குத் தனிக் குடிசை, காலுக்குச் சப்பாத்து, கையில் சவுக்கு. கண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் நண்பன் அதை வாசித்துக்கொண்டு வந்தான். கினிகத்தேனையில் பஸ் நின்றது. தேத்தண்ணி குடிக்க எல்லோரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை, என் தொடையில் தட்டினான்.

"மச்சான், இந்தாளு யாருன்னு தெரியுதா?"

"எந்தாளு?"

"இந்தக் கொம்பு ஊதுறவன். லேட்டா வர்றவங்கள நிப்பாட்டி வச்சி அடிக்கிறான் பாரு. நம்ம பெரட்டுல தப்பு அடிப்பாங்களே, அதே மாதிரி. இவன் கங்காணி மச்சான். அச்சு அசல் கங்காணி."

பெரட்டு என்றால், தோட்டத்தில் காலையில் எல்லோரும் கூடி நின்று வேலை பிரித்து வாங்குவது. அந்தக் காலத்தில் அதற்குத் தப்பு அடித்துத்தான் ஆள் கூப்பிடுவார்கள். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. எந்த விரிவுரையாளரும் சொல்லாத ஒன்றை அவனே கண்டுபிடித்த சந்தோஷம் அது. அடுத்த நொடியே நான் யார் என்பது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் சுருங்கிப்போயிற்று.

"ஒங்க வீட்ட சொல்லல. நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றான்.

பஸ்ஸிலேயே 'நீங்க' வந்துவிட்டது. நான் சிரித்துச் சமாளித்தேன். பிறகு வாத்தியார் மாதிரி பேச ஆரம்பித்தேன். அவர்கள் விற்கப்பட்டவர்கள், நம்மவர்கள் கூலிக்கு வந்தவர்கள், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது, சரித்திரம் வேறு, சட்டம் வேறு என்று அடுக்கிக்கொண்டே போனேன். சொன்னது எல்லாம் உண்மை. சொன்ன காரணம்தான் பொய். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"வித்தாங்கன்னு நான் சொல்லலயே மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வருஷம் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு இளைஞர்கள் அவனிடம் ஒரு நாடகம் கேட்டார்கள். கடைசி நாள் பகலில், மஞ்சள் நீராட்டு முடிந்த பிறகு போடுவதற்கு. அவன் அந்த அத்தியாயத்தையே தமிழில் நாடகமாக எழுதினான். என்னிடம் மடிக்கணினி இருந்ததால் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

நன்றாக எழுதியிருந்தான். அமெரிக்காவை அப்படியே வைத்திருந்தான், பருத்தி, பண்ணை எல்லாம். ஆனால் கொம்புக்குப் பதில் தப்பு. சவுக்கு வைத்திருக்கிறவனுக்குப் பாத்திரப் பெயர், கங்காணி. மூன்றாவது காட்சியில் ஒரு பெண் மழையில் ஓடி வருகிறாள். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல், வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா அதை ஏற்கவில்லை, அதனால் பெரட்டுக்குப் பிந்திவிட்டாள். கங்காணி அவளைத் திருப்பி அனுப்புகிறான். அவள் போகாமல் மழையில் நிற்கிறாள், மற்றவர்கள் எல்லாம் மலைக்கு ஏறும்வரை நிற்கிறாள். காட்சிக்குக் குறிப்பாக அடியில் ஒரு வரி எழுதியிருந்தான்: 'துரை மேடையில் இல்லை. பங்களாவில் தூங்குகிறார்.'

"இந்தக் காய்ச்சல், பிள்ளக்காம்பரா எல்லாம் புத்தகத்துல இல்லையே" என்று கேட்டேன்.

"அது எங்கம்மா சொன்னது" என்றான். "காச்சக்காரப் புள்ள நாந்தான்."

எந்தக் கங்காணி என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அவன் கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் தோட்டத்தின் அந்தப் பிரிவில், அந்தக் கணக்கில், பெரட்டு பார்த்தது என் தாத்தா. உயிரோடு இருந்தவரை, வீட்டில் சாப்பிட உட்காரும்போது தாத்தா தன் கண்டிப்பைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன கதைகளில் பிந்தி வந்த பொம்பளைகளைத் திருப்பிய கதையும் உண்டு. நாங்கள் சிரித்திருக்கிறோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்திருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் தோட்டத்துக் கோவிலில் திருவிழா முடிவில் காளாஞ்சி கொடுப்பார்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, அம்மன் கழுத்து மாலை, எல்லாம் ஒரு தாம்பாளத்தில். முதல் காளாஞ்சி கங்காணி வீட்டுக்கு. தலைவர்மார் மாறினார்கள், துரைமார் மாறினார்கள், கம்பெனி மாறியது, இது மட்டும் மாறவில்லை. அப்பா அதற்கு முந்தின வருஷம் இறந்துபோனார். அந்தத் திருவிழாவில் தாம்பாளம் முதன்முதலாக என் கைக்கு வரவேண்டும். அம்மா எனக்குப் பட்டு வேட்டி எடுத்து வைத்துவிட்டாள். மேடையில் கங்காணி சவுக்கைச் சுழற்ற, அது முடிந்த கையோடு கங்காணி வீட்டுக்கு முதல் மரியாதையா? முன்வரிசை நாற்காலியில் அம்மா எப்படி உட்காருவாள்? நான் எப்படி உட்காருவேன்? உண்மையைச் சொன்னால், அம்மாவைச் சாக்காக வைத்து என்னைத்தான் நினைத்தேன்.

நான் அவனிடம் போய், "எனக்குக் கஷ்டமா இருக்கு, மாத்து" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் மாற்றியிருப்பான், அப்படிப்பட்டவன் அவன். அதைக்கூடச் செய்யாமல் நான் ஆங்கிலத்தை எடுத்தேன்.

"இந்தக் காட்சியில ஒரு வெள்ளக்காரன் வரணுமே மச்சான்."

"அந்த அத்தியாயத்துல வெள்ளக்காரனே இல்லையே?"

"இருக்கான். பின்னால நின்னு உத்தரவு போடுறவன் அவன்தான். இவன் சும்மா கைக்கருவி. சுத்தி வளச்சி எழுதியிருக்காங்க, சட்டுன்னு புரியாது. நீ கவனிக்கல."

அவன் புத்தகத்தைப் புரட்டினான். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தான். நான் அவன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு அந்தளவுக்கு இங்கிலிஷ் ஓடாது" என்றான் கடைசியில். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்றே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். கங்காணி என்ற பாத்திரத்தை அடியோடு எடுத்தேன். சுருட்டுப் பிடிக்கும் ஒரு வெள்ளைக்காரனைக் கொண்டுவந்தேன். அவனுக்கு 'யூ பிளடி' என்று தொடங்கும் வசனங்கள் வைத்தேன். பிந்தி வந்த பெண்ணை அவனே அடிக்கிறான், கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவனைத் துரத்துகிறார்கள். எழுதி முடித்தபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி கூட வந்தது. வெள்ளைக்காரனைத் திட்டினால் இங்கே யாருக்கும் வலிக்காது. அவன் எப்போதோ கப்பலேறிவிட்டான்.

திருவிழா அன்று வெயில் நன்றாக அடித்தது. வெள்ளைக்காரனாக நடிக்க யாரும் முன்வராததால் என் நண்பனே நடித்தான். முகத்திலும் கழுத்திலும் பவுடரை அப்பிக்கொண்டு, யாரோ கொடுத்த தொப்பியும் கால்சட்டையுமாக வந்தான். அவன் வாயைத் திறந்ததும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. துரத்தும் காட்சியில் பையன்கள் விசிலடித்தார்கள். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நல்லா பண்றான் பாரு, ஒன்னோட கூட்டாளி" என்றாள்.

அவனுடைய அம்மா பெண்கள் பக்கத்தில், சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பென்சன் வாங்கிய பிறகு வெளியே அதிகம் வராத மனுஷி. அன்றைக்கு நல்ல சேலை உடுத்திக்கொண்டு, நேரத்தோடு வந்து, முன்னால் இடம் பிடித்திருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்த்தேன்.

நாடகம் முடிந்ததும் தப்பு அடித்தார்கள். ஒலிபெருக்கியில் கங்காணி வீட்டைக் கூப்பிட்டார்கள். முதல் காளாஞ்சியை வாங்க நாங்கள் எழுந்து போவதில்லை. இருக்கிற இடத்துக்கு அது வரும். கோவில் கமிட்டியில் இருப்பவர்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். என் நண்பன் அந்த வருஷம் கமிட்டிச் செயலாளர். வேஷத்தைக் கலைக்க நேரமில்லை. பவுடர் முகத்தோடு, வியர்வை கோடு கோடாக வழிய, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்தி என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். கொஞ்சம் குனிந்தான். குனிந்தால்தான் உட்கார்ந்திருப்பவன் கைக்கு எட்டும்.

"எடுத்துக்கங்க தம்பி" என்றான்.

அவன் எனக்கு ஒரு மாதம் மூத்தவன். ஆனால் அந்தத் 'தம்பி' வயதுக்கானது இல்லை, என் அப்பாவிடம் பெரியவர்கள் பேசிய பாணி, அவன் மரியாதைக்காகச் சொன்னது. நான் எழுந்திருக்கலாம். தாம்பாளத்தை வாங்கி அப்படியே கொண்டுபோய் அவனுடைய அம்மா மடியில் வைத்திருக்கலாம். இதெல்லாம் அப்போதே தோன்றியது, பிறகு தோன்றியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உட்கார்ந்தபடியே வாங்கினேன். தாம்பாளத்தின் விளிம்பில் அவன் விரல் பட்ட இடத்தில் பவுடர் ஒட்டியிருந்தது. பட்டு வேட்டியில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பரீட்சை வந்தது. அமெரிக்க இலக்கியத் தாளில், அந்த அத்தியாயத்துச் சவுக்குக்காரனைப் பற்றியே ஒரு கேள்வி. தன் சனத்தை அடிக்க ஒருவன் எப்படிச் சம்மதிக்கிறான் என்று எழுதச் சொன்னார்கள். என் பேனா பறந்தது. எசமான் இல்லாத நேரத்திலும் எசமானாக இருக்கிறவனைப் பற்றி எழுதினேன். அவன் சந்ததி அந்தச் சப்பாத்தின் மிச்சத்தை எப்படிப் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொள்ளும் என்று எழுதினேன். நல்ல வாக்கியங்கள். எங்கள் தோட்டத்தில் ஒருவரும் வாசிக்கப்போகாத ஆங்கிலத்தில், முகம் தெரியாத ஒருவர் மார்க் போடுவதற்காக, நாடகத்திலிருந்து நான் வெட்டி எறிந்த அத்தனையையும் எழுதினேன்.

வெளியே வந்ததும் அவனிடம் கேட்டேன்.

"அந்தக் கேள்விய எழுதுனியா?"

"எழுதுனேன். வெள்ளக்காரந்தான் காரணம், இந்தாளு சும்மா கைக்கருவின்னு எழுதுனேன். நீ சொன்னியே" என்றான்.

பஸ் வந்தது, ஏறினோம். ஹட்டன் வரும்வரை தூங்குவதுபோல நடித்தேன்.

முடிவு வந்தபோது எனக்கு நல்ல சித்தி, எல்லாத் தாளிலும் தேறியிருந்தேன். அவன் அந்தத் தாளில் மட்டும் தவறிவிட்டான், அடுத்த வருஷம் திரும்ப எழுத வேண்டும். அதுவரை பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கை கொடுத்து வாழ்த்தினான். உண்மையாகவே வாழ்த்தினான். எனக்கு அவன் இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான், பாடம் கேட்க. அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அவன் தலைக்கு மேலே சுவரில் பூட்டனார் படம், பக்கத்தில் தாத்தா படம். அதன் கீழே சாமி மாடத்தில் போன திருவிழாக் காளாஞ்சித் தேங்காய் காய்ந்துபோய் இருக்கிறது. அதை உடைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அவன் அந்த அத்தியாயத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினான்.

"நானும் அகராதிய வச்சிக்கிட்டு திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். அந்த வெள்ளக்காரன் எந்தப் பக்கத்துல வர்றாருன்னு மட்டும் காட்டிக் குடுங்க. எனக்குக் கண்ணுல படவே மாட்டேங்குது."

கேலியாகக் கேட்கவில்லை. கேலியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். படிக்க வந்தவன் கேட்பதுபோல, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். நான் பக்கத்தைப் பார்த்தேன். பூசி மெழுக ஒரு வாக்கியம் கூட வரவில்லை.

"இல்ல மச்சான்."

"என்னா இல்ல?"

"அந்தாளு புத்தகத்துல இல்ல. நான் வச்சது."

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவனும் திரும்பி, நான் பார்த்த இடத்தைப் பார்த்தான். படங்களைப் பார்த்தான், தேங்காயைப் பார்த்தான். பின்பக்கம் அம்மா துணி உதறும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சிரு" என்றேன். "பரீட்சை போனதும் என்னாலதான்."

"பரீட்ச கெடக்குது. அடுத்த வருசம் எழுதலாம்" என்றான். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான். கோபப்படுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்.

"ஒனக்குக் காட்டுறதுக்கு முந்தியே அந்த நாடகத்த எங்கம்மாகிட்ட வாசிச்சிக் காட்டிட்டேன் மச்சான். மாத்துனத சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு நாடகம் முடியிற வரைக்கும் அம்மா பக்கத்துல இருந்த பொம்பளைங்கள கேட்டுக்கிட்டே இருந்துச்சாம், 'கங்காணி எப்ப வருவாரு, கங்காணி எப்ப வருவாரு'ன்னு."